நான் தப்பாக வாசித்துக் காட்டிய சொல்

அன்பு மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெர்த்திலிருந்து அழைத்தபோது, லைன் சரியில்லை என்று சொல்லிப் பாதியில் வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டு என்னால் மேலே பேச முடியவில்லை. "கல்யாண விருந்தெல்லாம் வேணாம்பா. ரெஜிஸ்டர் பண்ணிட்டு ஒரு ஜெபத்தோட முடிச்சிக்கிறோம். நான் இங்க கெளம்பி வராம இருந்திருந்தா அம்மா செக்கப்புக்குப் போயிருப்பாங்க. அத மனசுல வச்சிக்கிட்டு எப்படிப்பா பந்தி போட்டுச் சிரிச்சிக்கிட்டு நிக்கிறது?" என்றாய். உன் அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அவள் இறந்ததற்கு நீ காரணம் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நீ காரணம் இல்லை. காரணம் யார் என்பதை உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடியும் வைத்துவிடுவேன், என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தால், நம் வீட்டு வாசலில் வந்து நின்றவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நீ சின்னவனாக இருந்த காலத்தில் யாராவது ஒருவர் கடிதத்தோடு வராத வாரம் கிடையாது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர்கள் தோட்டத்து ஆபீசிலிருந்தும், மருத்துவமனையிலிருந்தும், கோர்ட்டிலிருந்தும் தங்களுக்கு வந்ததைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு சைக்கிளில் வருவார்கள். "சார், இதுல என்னா போட்டிருக்கு?" என்று நீட்டுவார்கள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவன். எனக்குத் தெரியாத சொல்லும் அந்தக் கடிதங்களில் இருக்கும். ஆனால் அகராதியை எடுக்க உள்ளே போகமாட்டேன். சொல்லை உடைத்து அதன் வேரைக் கண்டுபிடித்து, அங்கேயே அர்த்தம் சொல்லிவிடுவேன். வகுப்பிலும் அப்படித்தான் நடத்தினேன். கரும்பலகையின் நடுவில் ஒரு வேர்ச்சொல்லை எழுதி, அதைச் சுற்றி அதன் பிள்ளைகளை எழுதச் சொல்வேன். ஸ்பெக்ட் என்றால் பார்ப்பது. இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்து பார்க்கிறவர். ஸ்பெக்டேட்டர் ஓரமாக நின்று பார்க்கிறவர். ரெஸ்பெக்ட் என்பது கடந்து போகிறவரைத் திரும்பிப் பார்ப்பது. ஒரு வேரைப் பிடித்தால் பத்துச் சொல் கையோடு வரும் என்று சொல்லிச் சொல்லியே முப்பத்து நான்கு வருடம் ஓட்டினேன்.

லோரி ஓட்டிய முனியாண்டி அண்ணனை உனக்கு நினைவிருக்கலாம். ஆபீசிலிருந்து வந்த கடிதத்தில் சஸ்பெண்ட் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, வேலை போய்விட்டது என்று அழுதுகொண்டு வந்தார். நான் அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினேன். பெண்ட் என்றால் தொங்குவது. பெண்டன்ட் கழுத்தில் தொங்குகிறது. பெண்டிங் ஃபைல் மேசையில் தொங்குகிறது. டிபெண்ட் என்றால் இன்னொருவரைப் பிடித்துத் தொங்குவது. உங்கள் வேலையும் தொங்கிக்கொண்டிருக்கிறது, விழவில்லை, விசாரணைக்குப் போய்ப் பதில் சொல்லுங்கள் என்றேன். "உளுவலன்னா போதும் சார்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். இரண்டு வாரத்தில் மறுபடி லோரியில் ஏறிவிட்டார். ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்து நம் வாசலில் வைத்தார். நீ அடுத்த ஒரு வாரம் கொடியில் கிடந்த துணிகளைக் காட்டி, "அம்மா, இதெல்லாம் சஸ்பெண்டா?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தாய். உன் அம்மா, "ஆமாடா, மழை வந்தா டிஸ்மிஸ்" என்றாள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொன்ன அர்த்தம் ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்று ஊர் நம்பியது. ஊரைவிட அதிகமாக நான் நம்பினேன்.

ராசா ஊரில் இருக்கும் உன் மாமா வீட்டுக்குக் காரில் போகும்போதெல்லாம் நீயும் நானும் அந்த விளையாட்டை விளையாடுவோம். நான் வேரைச் சொல்வேன், நீ சொற்களைச் சொல்வாய். போர்ட் என்றால் சுமப்பது என்பேன். இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், சப்போர்ட் என்று நீ பத்தாங் காலி வரும்வரை அடுக்குவாய். ஒருநாள் உன் அம்மா பின்சீட்டிலிருந்து, மலாய் மொழியிலும் இதெல்லாம் இருக்கிறதே என்றாள். அஜார், பெலாஜார், மெங்காஜார். கற்றுக்கொள்கிறவனுக்கும் கற்றுக்கொடுக்கிறவனுக்கும் ஒரே வேர்தான் பாருங்கள் என்றாள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். நான் சிரித்துவிட்டு அடுத்த வேருக்குப் போய்விட்டேன். அவள் அன்று சொன்னதை நின்று கேட்டிருக்க வேண்டும். அவளிடம் நான் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று எனக்கு அந்த வயதில் தோன்றியதே இல்லை.

இப்போது நம் வீட்டுக் கடிதத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து, அறுவை முடிந்து, ஆறு மாதம் மருந்து ஏற்றி, கடைசியாக ஒருநாள் டாக்டர் அவளிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். நான் அப்போது மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தேன். அவள் தனியாகத்தான் உள்ளே போனாள். டாக்டர் வேகமாக ஏதோ சொன்னார் என்றும், பாதிதான் புரிந்தது என்றும் சொல்லிக் கடிதத்தை நீட்டினாள். "நீங்க உள்ள போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்களேன்" என்றாள். நான் அங்கேயே நின்று வாசித்தேன். அதில் ரெமிஷன் என்ற சொல் இருந்தது. நான் எத்தனையோ முறை பலகையில் எழுதிய வேர் அது. மிட், மிஷன், இரண்டும் ஒன்றுதான். அனுப்புவது. மிஷனரி என்றால் அனுப்பப்பட்டவர். டிரான்ஸ்மிட் என்றால் இங்கிருந்து அங்கே அனுப்புவது. டிஸ்மிஸ் என்றால் வெளியே அனுப்புவது. 'ரெ' என்றால் திரும்ப. ஆக, நோயைத் திரும்ப அனுப்பிவிட்டார்கள், முடிந்துவிட்டது என்றேன். அவள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு, "வாத்தியாரே சொல்லிட்டாரு, டாக்டர் எதுக்கு லா" என்று சிரித்தாள். அந்தக் கதவு எங்களுக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. வெளியே இரண்டு பேர்தான் காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வருவதற்குள் உனக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். பெர்த் வேலைக்குச் சரி என்று சொல்வதா வேண்டாமா என்று நீ ஒரு மாதமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாய். அன்று சாயங்காலமே ஒப்புக்கொண்டாய். நான் வாசித்துக் காட்டியதை நம்பித்தான் நீ புறப்பட்டாய். இதை முதலில் உன் மனதில் எழுதிக்கொள்.

இதோடு நின்றிருந்தால் தெரியாமல் செய்த தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். நிற்கவில்லை. நீ கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் கோலா சிலாங்கூர் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தைக் கூட்டத்தில், ரோஸ்லினைப் பார்த்தேன். என்னிடம் படித்து, இப்போது நர்ஸாக இருக்கிறவள். அம்மாவைப் பற்றி விசாரித்தாள். ரெமிஷன் ஆகிவிட்டது, முடிந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன். அவள் தயங்கினாள். "சார், முடிஞ்சிருச்சின்னு இல்ல சார். இப்போதைக்கு அடங்கியிருக்குன்னு அர்த்தம். செக்கப்ப மட்டும் விட்டுடாதீங்க" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மீன் வறுக்கும் கடைக்கு முன்னால் நின்றுகொண்டு அவளுக்கு வேர்ச்சொல் பாடம் நடத்தினேன். மிட் என்றால் என்ன, சொல்லு பார்ப்போம் என்று கேட்டேன். அனுப்புவது சார் என்றாள். அப்புறம் என்ன என்றேன். அவள் கையில் இருந்த பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "சரிங்க சார்" என்றாள். அவள் தினமும் நோயாளிகளுக்கு நடுவில் புழங்கிய சொல் அது. ஆனாலும் படிப்புச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரை எதிர்த்துப் பேசக்கூடாது என்று நம் பிள்ளைகளை வளர்த்து வைத்திருக்கிறோம். வளர்த்தவர்களில் நானும் ஒருவன்.

வீட்டுக்கு வந்து பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். ரோஸ்லின் சொன்னதுதான் போட்டிருந்தது. வேர் பொய் சொல்லவில்லை, மகனே. அது ஒரு சொல் எங்கே பிறந்தது என்று சொல்கிறது. இப்போது எங்கே குடியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நம் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள் எத்தனை பேர் இன்று ரவாங் பட்டணத்தில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி லயத்துக்குப் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க முடியும். நான் அகராதியை மூடினேன். கூடத்தில் உன் பெட்டி திறந்து கிடந்தது. அம்மா மசாலாப் பொட்டலங்களின் மேல் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மீன் தூளையும் கோழித் தூளையும் மாற்றி மாற்றி வைத்து அவளைக் கோபப்படுத்திக்கொண்டிருந்தாய். இப்போது சொன்னால் நீ போகமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதைவிட, நான் தப்பாக வாசித்துவிட்டேன் என்று உங்கள் இருவர் முன்னாலும் சொல்ல வேண்டியிருக்கும். எந்தக் காரணத்துக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று நேர்மையாகச் சொல்வதென்றால், இரண்டாவது காரணத்துக்காகத்தான். நீ போன பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். நீ போன பிறகு, அவள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நினைத்தேன். நாள் ஆக ஆக, தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் சொல்லவே முடியவில்லை.

செக்கப்புக்குக் கொடுத்திருந்த தேதி பள்ளி விடுமுறை வாரத்தில் வந்தது. அந்த வாரம் தேவாலய மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காலை வகுப்பு வைத்திருந்தேன். நான் கிளம்பும்போது அம்மா நீலச் சேலை கட்டி, தலை வாரி, மருத்துவமனை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்றைக்குத்தானே தேதி, போவோமா என்று கேட்டாள். சும்மா பார்த்து அனுப்புவார்கள், பிள்ளைகள் காத்திருக்கும், அடுத்த மாதம் போகலாம் என்றேன். அவள் அட்டையை வைத்துவிட்டு உள்ளே போனாள். பத்து மணிக்கு வீட்டுச் சேலையில், ஒரு கூஜா மைலோவோடு மண்டபத்துக்கு வந்து பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்தாள். நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமும் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. ஏன் என்று நீ கேட்பாய். போனால், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்பார், ரெமிஷன் என்றால் என்ன என்று அவள் முன்னால் விளக்குவார் என்ற பயம் ஒன்று உள்ளே இருந்தது. அந்தப் பயத்தை நான் பார்க்காத மாதிரி சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அவளுக்கு முதுகு வலித்தபோது பூந்தொட்டியைத் தூக்கியதால் என்று தைலம் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது எனக்குத் தெரியாமல் இல்லை.

இனி வருவதுதான் உன்னைச் சேர்ந்தது. நோய் திரும்பி, அவளை மருத்துவமனையில் சேர்த்த பிறகு நீ ஓடி வந்து கட்டில் அருகில் நின்ற அன்று, கடைசியாக எப்போது செக்கப்புக்கு வந்தீர்கள் என்று டாக்டர் என்னிடம் கேட்டார். நான், அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள், எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தேன் என்றேன். யோசித்துச் சொன்னதுகூட இல்லை, தானாக வந்தது. நீ அவள் பக்கம் திரும்பி, "ஏம்மா?" என்றாய். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு உன்னிடம், "அலுப்பா இருந்துச்சுய்யா" என்றாள். அந்த ஒரு சொல்லைத்தான் நீ இத்தனை நாளாகப் பெர்த்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். மகன் போய்விட்ட பிறகு அவளுக்கு வாழ்க்கை அலுத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டாய். அவளுக்கு ஒன்றும் அலுக்கவில்லை. நீ அனுப்பிய படங்களை ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தாள்.

நீ தண்ணீர் வாங்கக் கீழே போனாய். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் நின்றேன். அவள் கூப்பிட்டாள். "இருக்கட்டும். நான்தான் வரலன்னே இருக்கட்டும். நாளைக்கு அவனுக்கு நீங்க ஒருத்தர்தான" என்றாள். அவள் அதை எனக்காகச் சொன்னாள் என்று அப்போது நினைத்தேன். உனக்காகச் சொன்னாள். உனக்கு அப்பா என்று ஒருவன் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகத் தன் நல்ல பெயரைக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பழி சுற்றிக்கொண்டு வந்து உன் மேலேயே விழும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதை மீறித்தான் இன்று எழுதுகிறேன்.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் நேற்று ராசாவுக்குப் போய் உன் மாமாவிடம் சொன்னேன். நேரில் ஒருவரிடமாவது சொல்லிப் பழகாவிட்டால் இதை எழுதிவிட்டுத் தபாலில் போடாமல் இருந்துவிடுவேன் என்று பயந்தேன். மாமா டீ கொண்டுவந்து வைத்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பிறகு, "மூணு வருசமா அவ போட்டோவப் பாத்துத் திட்டிக்கிட்டு இருந்தேன் மாப்ள. புடிவாதக்காரி, புள்ள போனதுக்காக உசிர விட்டுட்டியேன்னு. கல்லறைத் திருநாளுக்குக்கூட அவள்ட்ட கோவமா நின்னுட்டுத்தான் வந்தேன்" என்றார். டீயை நகர்த்தி வைத்துவிட்டு, நீங்கள் கிளம்புங்கள் என்றார். அவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. ஆனால் எப்போதும் கார் வரை வருகிறவர், நேற்று எழுந்திருக்கவில்லை. இன்று காலையில் போன் செய்து, கல்யாணத்துக்குத் தான் வருவதாகவும், நான் வருவது பிள்ளை இஷ்டம் என்றும் சொன்னார். அவர் சொன்னது சரிதான்.

நீ குடும்பம் நடத்தப் போகிறாய். அப்பா என்ற முறையில் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் குறைந்துவிட்டது. இருந்தாலும் இதைச் சொல்லாமல் விடமுடியாது. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்று என்றைக்காவது சொன்னால், எழுந்து போய்க் கேள். உனக்குத் தெரிந்த விஷயமாக இருந்தாலும் போய்க் கேள். அவள் கேட்கச் சொல்வது அவளுக்குப் பயமாக இருப்பதால். உனக்கு எவ்வளவு தெரியும் என்று அளந்து பார்ப்பதற்காக இல்லை. நீ தப்புச் செய்தது தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. முதல் நாள் அது ஒரு சின்ன வெட்கம்தான். ஒரு நிமிடம் முகம் சிவந்து போகும், அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து அதைச் சொல்ல நம்மைவிடத் தைரியமான இன்னொரு ஆள் வேண்டும், அந்த ஆளாக நாம் இருக்கமாட்டோம்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது அதைக் கேட்பது சரியில்லை என்று தோன்றுகிறது. கேட்டால், கொடுக்க வேண்டிய வேலையும் உன் தலையில் வந்துவிடும். நான் கேட்பது வேறு. ரெஜிஸ்டரோடு நிறுத்திவிடாதே. விருந்து வை. எல்லோரையும் கூப்பிடு. வயிறு நிறையச் சாப்பாடு போடு. நான் வரட்டுமா என்று எழுது. வேண்டாம் என்றால், வேண்டாம்பா என்ற ஒரு சொல் போதும், காரணம் எழுதாதே, எனக்குத் தெரியும். நான் வந்தாலும் வராவிட்டாலும், அன்று பந்தியில் யாராவது அம்மா பேச்சை எடுப்பார்கள். பாவம், மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துவிட்டாளாமே என்பார்கள். அப்போது நீ எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொல். அவள் வரமாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. சேலை கட்டிக்கொண்டு தயாராகத்தான் நின்றாள். அப்பாதான் கூட்டிக்கொண்டு போகவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா